காளாஸ்திக்குப் போனால் ஆற்றுப் பக்கமும் போய் வாருங்கள்

எங்கள் பங்காருபாளையத்தில் யாரிடமாவது காளாஸ்தி போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "யாருக்கு தோஷம்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ராகு கேது பூஜை டிக்கெட் விலை, எந்தக் கிழமை கூட்டம் குறைவு, பூஜை முடிந்ததும் வேறு எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காமல் நேராக வீட்டுக்கு வர வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லாம் வரிசையாக வரும். அந்த ஊரில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கென்று கலம்காரி என்று துணியில் கையால் படம் எழுதும் ஒரு தொழில் இருக்கிறது, அந்த மாதிரித் துணிக்குப் பயந்து ஒரு காலத்தில் பிரான்ஸும் இங்கிலாந்தும் தடைச் சட்டம் போட்டன என்றெல்லாம் சொன்னால் "அப்படியா" என்று கேட்டுவிட்டு, மறுபடி டிக்கெட் விலைக்கே வந்துவிடுவார்கள்.

இந்த முறை எங்கள் வீட்டிலும் பூஜைதான் காரணம். என் மனைவியின் அக்கா மகனுக்கு வரன் தட்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. அக்காவும் தங்கையும் பூஜைக்குப் போக முடிவு செய்தார்கள், நான் துணைக்கு. மாங்காய் சீசன் முடிந்து, மண்டியில் தோத்தாபுரி லாரிகள் குறைந்து, ஊர் மூச்சு விடுகிற நேரம். சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, ஏர்பேடு என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் இருவரும் வரிசையில் நின்றதும் எனக்கு விடுதலை. செருப்பையும் பையையும் ஒரு பூக்கடை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அக்ரகாரம் பக்கம் நடந்தேன்.

இந்த நடைக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. என் தம்பி மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இத்தாலி போய் வந்தவன், வந்ததிலிருந்து புளோரன்ஸ் புராணம்தான். ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே ஓல்ட்ரார்னோ என்று ஒரு பகுதியாம். சாண்டோ ஸ்பிரிட்டோ, சான் ஃப்ரெடியானோ என்று சந்து சந்தாகப் பட்டறைகள். தோல் வேலை, தங்க இலை ஒட்டும் வேலை, புத்தகக் கட்டு, பழைய மர நாற்காலியைப் புதுசாக்கும் வேலை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெடிச்சி குடும்பம் அந்தக் கரையில் இருந்த பிட்டி அரண்மனைக்கு வந்ததும், அவர்களுக்கு வேலை செய்யும் கைவினைஞர்களும் அங்கேயே குவிந்துவிட்டார்களாம். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோவில் வந்த வெள்ளம் அந்தப் பட்டறைகளுக்குள்ளும் புகுந்தது. அதிலிருந்து மீண்டவர்களை இப்போது வாடகை துரத்துகிறதாம். "பெரியப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு ஏரியாகூட இல்லையே" என்று முடித்தான். எனக்குச் சுருக்கென்றது. இவன் பிறந்து வளர்ந்த ஜில்லாவில், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில், இருக்கிறதடா என்று சொல்லத் தோன்றியது. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் தாண்டிப் போயிருப்பார்கள், திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(ஜில்லா என்றது பழைய கணக்கு. 2022 ஏப்ரலிலிருந்து காளாஸ்தி திருப்பதி மாவட்டம், நாங்கள் சித்தூர் மாவட்டம். தாத்தா கணக்கில் எல்லாமே வட ஆற்காடு. 1911-இல்தான் சித்தூர் தனியாகப் பிரிந்தது. எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று ஆனதும் இந்தப் பாகப்பிரிவினைகளால்தான்.)

காளாஸ்தி அக்ரகாரத்தில் ஓல்ட்ரார்னோ மாதிரி அழகான பெயர்ப்பலகை, வரைபடம், காபிக்கடை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாதாரணத் தெருக்கள்தான். சிமென்ட் வீடு, தண்ணீர்க் குடம், நிறுத்தி வைத்த பைக், மொட்டை மாடியில் காயும் துணி. அந்தத் துணியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது வேட்டியோ புடவையோ இல்லை, பாதி வரைந்த ராமர் பட்டாபிஷேகம் என்று தெரியும். சில வீடுகளில் முன் அறையே கடை. வெளியிலேயே "பென் கலம்காரி" என்று தெலுங்கில் எழுதித் தொங்கும். சில வீடுகளில் எந்த அடையாளமும் இருக்காது. மூக்கை நம்பிப் போகலாம். பால் திரிந்த வாசனையும், கடுக்காயின் துவர்ப்பும், ஏதோ புளித்த வெல்லத்தின் நெடியும் சேர்ந்து வந்தால் அந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒரு வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா தரையில் தாழ்வான மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்கண்ணா, வாங்கினாலும் சரி வாங்காட்டியும் சரி" என்றார், பாதித் தெலுங்கு பாதித் தமிழில். காளாஸ்தியில் கடை வைத்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்தே மொழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர் கையிலிருந்த கலத்தைச் சொல்ல வேண்டும். மூங்கில் குச்சி, விரல் பருமன் இருக்கும், நுனி சீவியது. நுனிக்குச் சற்று மேலே பழைய கம்பளித் துண்டைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கம்பளிதான் மைக்கூடு. அதைத் திரவத்தில் முக்கி எடுத்து, விரலால் மெல்ல அழுத்தினால் நுனிக்கு மை இறங்குகிறது. அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். கோடு போட ஒரு கலம், நிறம் நிரப்ப நுனி மழுங்கின இன்னொரு கலம். பிரஷ் என்ற பேச்சே இல்லை.

அவர் தொட்டுக்கொண்ட திரவத்தைப் பார்த்தால் கறுப்பாகவே இல்லை. டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதைத் துணியில் வைத்ததும், கண் முன்னாலேயே கறுத்தது. எனக்கு அதை மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு கோடு போட்டார், அனுமார் வாலுக்கு. அந்தத் திரவத்துக்கு அவர்கள் பாஷையில் கசிமி. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லமும் பனைவெல்லமும் கரைத்த தண்ணீரில் போட்டு, வாரக்கணக்கில் ஊறவிட்டு எடுப்பது. துணியை முன்னதாகவே கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயப் போட்டிருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் கசிமியில் இருக்கும் இரும்பும் சந்திக்கிற இடத்தில்தான் கறுப்பு பிறக்கிறது. எருமைப்பால் எதற்கு என்றால், அதிலுள்ள கொழுப்பு துணியில் ஏறிக்கொண்டு மை பரவாமல் பிடித்து வைக்கும். பசும்பால் சரிப்படாதா என்று கேட்டேன். "கொழுப்பு பத்தாதண்ணா" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

சிவப்பு விஷயம் இதைவிட ஆச்சரியம். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தடவுவதில்லை. படிகாரக் கரைசலைத் தடவுகிறார்கள். அதற்கு நிறமே கிடையாது என்பதால், எங்கே தடவினோம் என்று தெரிய அதில் கொஞ்சம் சாயத்தைக் கலந்துகொள்வார்கள். காய்ந்த பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, உபரிப் படிகாரத்தை வெளியேற்ற வேண்டும். பிறகு பெரிய அண்டாவில் சாயத்தைக் கொதிக்க வைத்து முழுத் துணியையும் உள்ளே போட்டுக் குச்சியால் கிளறுவார்கள். அந்தக் காலத்தில் சாயவேர். இப்போது மஞ்சிட்டி, சில இடங்களில் கடையில் வாங்கும் அலிசரின். வெளியே எடுக்கும்போது துணி முழுக்க சிவந்துதான் இருக்கும். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு ஒட்டிக்கொள்கிறது, மற்ற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சும்மா உட்கார்ந்த சிவப்பை விரட்டுவதுதான் அடுத்த வேலை. சாணம் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் அலசி, ஆற்று மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் வாட்டுவார்கள். நாலைந்து நாளில் வெள்ளை வெள்ளையாகவும் சிவப்பு சிவப்பாகவும் பிரிந்துவிடும். மறுபடி பால். அப்புறம் கடுக்காய்ப் பூவில் மஞ்சள், அவுரியில் நீலம், நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றினால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் ஒரு அலசல்.

எத்தனை தடவை தண்ணீர் வந்தது என்று கவனித்தீர்களா? நான் அங்கே உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்கு உறைத்தது அதுதான். காளாஸ்தி கலம்காரியைப் பற்றி எழுதும் எல்லாரும் கோயிலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வாயுலிங்கம், கண்ணப்பர், 1516-இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம், தெய்வத்துக்குத் திரைச்சீலை எழுதிய கலைஞர்கள் என்று. கோயில் முக்கியம்தான். வரைவதற்குக் கதை கொடுத்தது கோயில், வாங்குவதற்கு ஆளும் கொடுத்தது. ஆனால் கோயில் இல்லாத ஊர் நம் பக்கத்தில் எது? ராமாயணம் கேட்காத ஊர் எது? அங்கெல்லாம் இந்தத் தொழில் ஏன் நிற்கவில்லை? காளாஸ்தியில் கோயிலை ஒட்டியே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிற சுவர்ணமுகி இருந்தது. அலச ஓடும் தண்ணீர், காயப்போட அகலமான மணல், மேலே ஆந்திரா வெயில். மூன்றும் ஒரே இடத்தில், வீட்டிலிருந்து துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகிற தூரத்தில். என்னைக் கேட்டால் அந்தத் தெருவைக் கட்டியது ஆறுதான்.

புளோரன்ஸிலும் இதே கதைதான், தம்பி மகன் கவனிக்கவில்லை. அங்கே ஆர்னோவின் வடகரையில் சாந்தா குரோச்சே பக்கத்தில் சாயக்காரர்கள் பெயரிலேயே ஒரு தெரு இன்றும் இருக்கிறது. அந்த நகரத்தின் கம்பளி வியாபாரம் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய காலத்தில் கம்பளியைக் கழுவவும் சாயம் போடவும் ஆறு வேண்டியிருந்தது. தெரு இருக்கிறது, சாயக்காரர்கள் இல்லை.

நம் பக்கத்துத் துணிக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய பருத்தித் துணிதான் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெண்களைப் பைத்தியமாக அடித்தது. துவைத்தாலும் போகாத நிறம் அவர்களுக்குப் புதுசு. அங்கே நெசவாளர்கள் கொதித்துப் போனார்கள். பிரான்ஸ் 1686-இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது, 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்து 1721 சட்டத்தில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. 1774-இல்தான் விலக்கிக்கொண்டார்கள். தடை ஒரு பக்கம் இருக்க, இரகசியத்தைத் தெரிந்துகொள்ள இன்னொரு பக்கம் ஆள் அனுப்பினார்கள். 1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துணி எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டிப் பத்திரப்படுத்தினார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742-இல் கூர்தூ என்ற பாதிரியார், தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற துணி எழுதுகிறவர்களிடம் விசாரித்து, செய்முறையை முழுக் கடிதமாக ஊருக்கு எழுதிவிட்டார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்களில் ஒருவர் இதே கூர்தூ. பாவ மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் சாயப் பக்குவம் கேட்ட பாதிரியாரை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இத்தாலிக்கும் இது போய்ச் சேர்ந்தது. ஜெனோவா நகரத்துப் பெண்கள் தலையையும் தோளையும் மூடிப் போர்த்திக்கொண்ட மெட்ஸாரோ என்ற பெரிய சதுரத் துணிகளில், நடுவில் ஒரு மரம், கிளையெல்லாம் பூ, கீழே பறவையும் மானும் இருக்கும். அந்த மரம் நம் கரையில் எழுதிய படுக்கை விரிப்புகளிலிருந்து போன மரம். அங்கே மரக்கட்டை அச்சில் ஒற்றி எடுத்தார்கள்.

சென்னையோடு இன்னொரு சொந்தமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே வருவதற்கு முன்னால் சுவர்ணமுகி கடலில் சேரும் பக்கத்தில் துர்கராஜப்பட்டினத்தில் ஒரு கடை போட்டிருந்தார்கள். நல்ல துணி போதவில்லை. அதனால் தெற்கே இடம் தேடி வந்த பிரான்சிஸ் டே, 1639-இல் தாமர்ல சகோதரர்களிடமிருந்து வாங்கிய மணல்மேடுதான் இன்றைய சென்னை. சென்னப்பட்டினம் என்ற பெயரும் அந்தச் சகோதரர்களின் அப்பா சென்னப்ப நாயக்கர் பெயர். பிற்காலக் காளாஸ்தி ஜமீன்தார்களும் தாமர்ல வம்சம்தான். சென்னைக்காரர்கள் காளாஸ்திக்கு வந்து தோஷம் கழித்துவிட்டு மட்டும் போவது கொஞ்சம் நன்றி கெட்டதனம் என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

வெளிநாட்டு மில் துணி வந்த பிறகு இந்தத் தெரு தூங்கிப் போனது. சுதந்திரம் வந்த சமயத்தில் கையில் கலம் பிடிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவியாக இருந்த கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியில் 1957-இல் காளாஸ்தியில் ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். சொல்லிக்கொடுக்க மிச்சமிருந்த கை ஜொன்னலகட்ட லட்சுமய்யாவுடையது. அவர் மகன் குரப்ப செட்டி அதில் படித்து வந்தார். 1976-இல் தேசிய விருது, 2008-இல் பத்மஸ்ரீ. இன்று காளாஸ்தியில் எந்த வீட்டில் நுழைந்தாலும் அந்தப் பரம்பரையின் ஏதோ ஒரு கிளைதான் பேச்சில் வரும், ஒருவரிடம் கற்றவரிடம் கற்றவர் என்று. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முன்னால் இது பெரும்பாலும் ஆண்கள் வேலை. இப்போது நான் எட்டிப் பார்த்த வீடுகளில் குச்சியோடு உட்கார்ந்திருந்தவர்களில் பெண்களே அதிகம். 1990-களின் கடைசியில் பெங்களூரைச் சேர்ந்த அனிதா ரெட்டி இங்கே துவாரகா என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களைச் சேர்த்தது அதற்கு ஒரு காரணம். வீட்டு வேலைக்கு நடுவில் செய்யலாம் என்பது இன்னொரு காரணம். நான் பேசிய அம்மா பத்தாவது முடித்ததும் பக்கத்து வீட்டு அத்தையிடம் உட்கார்ந்து கற்றவர். முதல் வருஷம் முழுக்க பார்டர் பூ மட்டும்தானாம். "முகம் வரையக் கடைசியாத்தான் விடுவாங்க. கண்ணு கோணிட்டா சாமி கோணிடும் இல்லீங்களா."

முகங்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். காளாஸ்தி எழுத்தில் கண் பெரிசு, நீண்டு காதைத் தொடப் பார்க்கும். கடவுளுக்கு நீலம், அசுரனுக்குச் சிவப்பும் பச்சையும், பெண்களுக்கு மஞ்சள். பின்னணி பெரும்பாலும் சிவப்பு. நடுவில் பெரிய கட்டத்தில் பட்டாபிஷேகமோ பாற்கடலோ இருக்கும், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் கதை ஓடும், ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே தெலுங்கில் ஒரு வரி. கையில் பிடித்துப் படிக்க முடியாத நீளத்தில் ஒரு சித்திரக்கதை. அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த ராமாயணத்தில் கும்பகர்ணனை எழுப்பும் கட்டத்தை வெகுநேரம் பார்த்தேன். ஒருத்தன் காதருகே எக்காளம் ஊதுகிறான், இன்னொருத்தன் மூக்குத் துவாரத்தில் ஈட்டியைத் திணிக்கிறான். கும்பகர்ணன் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. எழுதியவருக்குத் தூக்கத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டு நண்பர்கள் கோபப்பட வேண்டாம். உங்கள் பக்கமும் இது உண்டு. சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் பக்கம் தஞ்சை நாயக்கர் காலத்திலிருந்தே எழுதி வருகிறார்கள். தேர்ச்சீலை, தொம்பை, வாசமாலை, விதானம் என்று கோயிலுக்கு வேண்டியதெல்லாம். கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல்தான் புவிசார் குறியீடு வந்தது. தேர்த் திருவிழாவில் தலைக்கு மேலே தொங்குகிற தொம்பையை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். எழுதியவர் யார் என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

பேச்சு ஆற்றுக்கு வந்தது. "இப்பவும் ஆத்துலதான் அலசறீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மகனைக் கூப்பிட்டார். "இவருக்கு நம்ம தொட்டியக் காட்டு." வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டிகள், போர் தண்ணீர்க் குழாய், கீழே சாக்கடைக்குப் போகும் கால்வாய். சுவர்ணமுகி மழையை நம்பிய ஆறு. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தொடங்கி, திருப்பதியைத் தொட்டு, கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் ஓடிக் கடலுக்குப் போகிறது. வடகிழக்குப் பருவமழையில் புரண்டு ஓடும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணல்தான். மணலையும் விட்டு வைப்பதில்லை. மேலே திருப்பதி வளர வளர, கீழே வரும் தண்ணீரின் குணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் மழைக்காலம் முடிந்த சில வாரங்களில் ஆற்றில், மீதி வருஷம் தொட்டியில்.

தொட்டியில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்டேன். பையன் டிப்ளமோ படிக்கிறவன், சரியாகச் சொன்னான். ஓடும் தண்ணீரில் அழுக்கு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தொட்டியில் துணியிலிருந்து இறங்கின படிகாரமும் சாயமும் அங்கேயே சுற்றி மறுபடி துணியிலேயே ஏறும், வெள்ளை இடம் அழுக்குச் சிவப்பாகும். தொட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருந்தால் நல்லது, சிவப்பு எடுப்பாக வரும். எந்த வீட்டுப் போரில் எந்தத் தண்ணீர் என்பது தெருவுக்கே தெரியுமாம். நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் மற்றவர்கள் முறை வைத்து அலசிக்கொள்கிறார்கள். ஒரே வரைபடம், ஒரே சாயம், ஆனாலும் இந்த வீட்டுச் சிவப்பும் அந்த வீட்டுச் சிவப்பும் வேறு. ஒயினுக்கு மண் ருசி உண்டென்று இத்தாலிக்காரர்கள் பெருமை பேசிக் காசு பார்க்கிறார்கள். நாம் போர் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

விலை விஷயத்திலும் இந்தத் தண்ணீர்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெரிய துணி முடிய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும் என்பார்கள். அதில் வரைகிற நாள் ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஊறுவது, அலசுவது, காய்வது. மேகம் மூடினால் வேலை நிற்கும். மழை பெய்தால் ஆறு வரும், ஆனால் வெயில் போகும். கடைகளில் "கலம்காரி" என்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் புடவைகளில் இந்த அலசல் எதுவுமே நடந்திருக்காது. ஸ்க்ரீன் பிரிண்ட், இப்போது டிஜிட்டல் பிரிண்ட். அதைக் கலம்காரி டிசைன் என்று விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வேண்டியவர்கள் உடுத்தட்டும். கைவேலை என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். மசூலிப்பட்டினம் பக்கம், பெடனாவில், மரக்கட்டை அச்சில் ஒற்றுகிற கலம்காரியும் உண்டு. அது வேறு மரபு, அதுவும் கைவேலைதான், அதை இதோடு சேர்த்துத் திட்டக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். துணியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். கறுப்புக் கோடும் சிவப்பும் பின்னாலும் இறங்கியிருந்தன. பிரிண்ட் துணியில் பின்பக்கம் வெளுத்திருக்கும். அடுத்து, ஒரே பார்டரில் பக்கத்துப் பக்கத்துப் பூக்களைப் பாருங்கள் என்றார். ஒன்றுக்கு இதழ் கொஞ்சம் குண்டு, ஒன்றுக்கு ஒல்லி. கலத்தை மறுபடி மையில் முக்கி எடுத்த இடத்தில் கோடு சற்றுத் தடித்து, போகப் போக மெலியும். மூன்றாவதாக முகர்ந்து பார்க்கச் சொன்னார். பூஜை முடித்து வந்து சேர்ந்த என் மைத்துனி அதற்குள் வாசலில் நின்றிருந்தார். துணியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டகை வாசம் வருதே" என்றார். "வரணும்க்கா, வரலைன்னாதான் சந்தேகப்படணும்" என்றார் அந்த அம்மா.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பூஜை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் சட்டம் பேசிய இரண்டு பேரும் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். கோயிலுக்குத்தானே போகக் கூடாது, வீட்டுக்குப் போகலாம் என்று புதுச் சட்டம் பிறந்தது. பேரம் பேச என் மனைவி வாயைத் திறந்தபோது நான் தொட்டிகளைப் பார்த்து வந்த கதையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் அடங்கினார். முழுக்க அடங்கவில்லை. கடைசியில் பூஜை அறைக்கு ஒரு சின்னத் திரை, நடுவில் கண்ணப்பர், சுற்றிலும் கொடி. மைத்துனி வரப்போகும் மருமகளுக்கென்று ஒரு துப்பட்டா எடுத்தார். வரன் இன்னும் அமையவில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மழை ஓய்ந்த பிறகு, மார்கழி கடைசியிலோ தை மாதத்திலோ போங்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால் துணி அலசுவதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் எல்லாரும் காயவைக்கும் வேலையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்காது. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், புது வரைபடம் வாட்ஸ்அப்பில் போய் மறுவாரம் பிரிண்ட் துணியாக வந்துவிடுகிறது என்ற வயிற்றெரிச்சல் அங்கே எல்லாருக்கும் இருக்கிறது. நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் ஏர்பேடு பக்கம் மாதவமாலா என்ற ஊரில் மரச்சிற்பிகள் இருக்கிறார்கள், அங்கேயும் இறங்கலாம். அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

பணம் கொடுக்கும்போது அந்த அம்மா துவைக்கும் முறையைச் சொல்லி அனுப்பினார். முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சோப்புத்தூள் கூடாது. எலுமிச்சை பட்டால் கறுப்புக் கோடு கரைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத் தண்ணி, உப்புத் தண்ணி வேண்டாம். எங்கள் வீட்டுப் போரில் வருவது என்ன தண்ணீர் என்று பக்கெட்டின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். இப்போதைக்குத் திரையைத் துவைக்காமல் மாட்டியிருக்கிறோம். மொட்டை மாடியில் அடுத்த மழைக்கு அண்டா வைக்கச் சொல்லி உத்தரவு ஆகியிருக்கிறது.